வக்கீல் அறைக்குள் விசுவாசம்

அன்புள்ள ஐயா,

வக்கீல் தொழிலில் மத நம்பிக்கைக்கும் இடமுண்டு என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் தாமஸ் ஷேஃபர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கட்சிக்காரர் சட்ட ஆலோசனைக்காக வருகிறார், பிரசங்கம் கேட்க அல்ல. அங்கே வக்கீல் தன் மத நம்பிக்கையைக் கொண்டுவந்தால் அது வரம்பு மீறல் இல்லையா?

சட்ட மாணவி ஒருவர்

அன்புள்ள வாசகிக்கு,

ஷேஃபருக்கும் இந்தக் கவலை இருந்தது. கட்சிக்காரருக்கு எது நல்லது என்று தானே முடிவுசெய்து, அவரை அந்தப் பக்கம் தள்ளுகிற வக்கீலை அவர் ஏற்கவில்லை. ராபர்ட் காக்ரனோடு சேர்ந்து 1994இல் எழுதிய நூலில் அப்படிப்பட்டவருக்கு 'குரு' என்றே பெயர் வைத்தார். சொன்னதைச் செய்துகொடுத்துக் காசு வாங்கும் வக்கீலும் அவருக்கு உடன்பாடில்லை. நண்பரிடம் பேசுவதுபோல மனம்விட்டுப் பேசு, முடிவைக் கட்சிக்காரரோடு சேர்ந்து தேடு என்பதுதான் அவர் சொன்னது. கத்தோலிக்கரான அவருக்கு விசுவாசம் என்பது அந்த மனிதர்மேல் வைக்கிற அக்கறை.

ஷேஃபர் உயில் சட்டம் கற்பித்தவர். 1987இல் வந்த கட்டுரையில் ஒரு கணவன் மனைவியை எடுத்துக்கொள்கிறார். இருவரும் ஒரே வக்கீலிடம் உயில் எழுத வருகிறார்கள். தனியாகப் பேசும்போது, மனைவிக்கு அந்த உயில் ஏற்பாட்டில் விருப்பமே இல்லை என்று தெரிகிறது. தொழில் விதிகளின் வழக்கமான பதில், நலன்கள் மோதுகின்றன, இனி ஆளுக்கொரு வக்கீல் என்பது. ஷேஃபரோ, என் கட்சிக்காரர் இந்தக் குடும்பம்தான் என்கிறார். மனைவியின் மனதில் உள்ளதைக் கணவர் காதில் விழச்செய்வதும் வக்கீலின் வேலை என்று அவர் நினைத்தார். முதல்முறை படித்தபோது கட்டுரையை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன்.

அப்புறம், விதியும் இதற்குத் தடையில்லை. அமெரிக்க வக்கீல் சங்கத்தின் 1983ஆம் ஆண்டு மாதிரி விதிகளே, ஆலோசனையில் அறம் சார்ந்த விஷயங்களையும் பேசலாம் என்று இடம்தருகின்றன.

1971 முதல் 1975 வரை அமெரிக்காவின் நாட்ர டாம் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் டீனாக இருந்த ஷேஃபர், பின்னாளில் அங்குள்ள சட்ட உதவி மையத்தில் மாணவர்களோடு உட்கார்ந்து ஏழைகளின் வழக்குகளைப் பார்த்தார். எழுதியதைவிட இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஒரு இடத்தில் மட்டும் அவரோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. அந்த மனைவி கணவருக்குப் பயந்து வாய் திறக்காமல் இருந்திருந்தால்? அப்போது அவரைத் தனி வக்கீலிடம் அனுப்புவதுதான் சரி என்பேன்.