கோபால்ட் அணுக்களைக் கணினியே அடுக்க, எங்கே தொடங்குவது?

வாசகர் கேள்வி: பெங்களூருவில் ஓர் ஆய்வகத்தில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு, சொந்த ஊர் தருமபுரி. 4.5 கெல்வின் குளிரில் ஓடும் எஸ்.டி.எம்.மில் (ஊசிமுனையால் அணுக்களைப் பார்க்கவும் நகர்த்தவும் உதவும் நுண்ணோக்கி), செம்பு 111 பரப்பின் (அணுக்கள் அறுகோண ஒழுங்கில் நெருங்கி அமைந்த பரப்பு) மேல் கோபால்ட் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி வளையம் கட்டுகிறேன். 24 அணுவுக்கு மூன்று இரவு ஆகிறது. "ஏ.ஐ. வைத்துத் தானாக ஓட விடும்மா" என்கிறார் கைடு. பைத்தான் தெரியும். எங்கே தொடங்கட்டும்?

பதில்: ஏ.ஐ.யை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அந்த மூன்று இரவும் எங்கே போயின என்று உங்கள் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். அணுவை இழுக்கச் சில நொடிதான் ஆகியிருக்கும். மறுபடி ஸ்கேன் எடுப்பது, அணு எங்கே போனது என்று தேடுவது, டிப் (ஊசிமுனை) கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட்டு அதைச் சரிசெய்வது, இதில்தான் இரவு கரைந்திருக்கும். கணினியிடம் முதலில் கொடுக்க வேண்டியவை இந்த வேலைகள்தாம்.

1989-இல் ஐ.பி.எம்.மில் டான் ஐக்லரும் எர்ஹார்ட் ஷ்வைட்சரும் நிக்கல் மேல் 35 செனான் அணுக்களை அடுக்கியது கைவேலை. அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.யில் செலோட்டா, ஸ்ட்ரோசியோ குழுவினர் உங்களிடம் இருக்கும் இதே கோபால்ட்டை, இதே செம்புப் பரப்பில், மனிதக் கை இல்லாமல் அடுக்கிக் காட்டி 2014-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்கு ஆழ்கற்றல் (டீப் லேர்னிங்) தேவைப்படவில்லை. படத்தில் அணுவை அடையாளம் காண்பது, பாதை வகுப்பது, நகர்த்துவது, சரிபார்ப்பது என்று சுற்றிச் சுற்றி ஓடும் நிரல்தான்.

நகர்த்தும் அளவுகளைக் கையாலேயே கண்டுபிடியுங்கள். படம் எடுக்க 100 மில்லிவோல்ட், 100 பிகோஆம்பியர் வைத்தால் டிப்புக்கும் பரப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியின் மின்தடை நூறு கோடி ஓம். இழுப்பதற்கு 10 மில்லிவோல்ட், 50 நானோஆம்பியர் என்றால் இரண்டு லட்சம் ஓம்; அதாவது டிப் பரப்புக்கு இன்னும் நெருக்கம். இடைவெளி ஓர் ஆங்ஸ்ட்ராம் (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) குறைந்தால் மின்னோட்டம் ஏறக்குறைய பத்து மடங்காகும். அதனால் படிப்படியாகவே நெருங்குங்கள். அணு டிப்பைத் தொடர்ந்து வருகிறதென்றால், இழுக்கும்போது பதிவாகும் டிப் உயரம் ரம்பத்தின் பற்களைப் போல ஏறி இறங்கும். நெருக்கமான அணுவரிசையின் திசையில் பல்லுக்குப் பல் 2.55 ஆங்ஸ்ட்ராம். பற்கள் நின்ற இடத்தில் அணுவைத் தவறவிட்டுவிட்டீர்கள். இதை நிரலே பார்த்துக்கொண்டால் பாதி ஸ்கேன் மிச்சமாகும்.

மீதிப் பாதிக்கு, ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் அணுவைச் சுற்றி மூன்று நானோமீட்டர் சதுரத்தை மட்டும் ஸ்கேன் எடுத்தால் போதும். நகராத ஓர் அணுவைக் குறியாக வைத்து டிரிஃப்டை (படம் மெல்ல நகர்ந்துபோவதை) கழித்துவிடுங்கள். தூரத்துக்கு நகர்ந்தபின் பீசோ (டிப்பை நகர்த்தும் படிகம்) கொஞ்ச நேரம் ஊர்ந்துகொண்டே இருக்கும். அது அடங்கும்வரை காத்திருக்க நிரலுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இனி டிப். என் அனுபவத்தில் தானியங்கி முயற்சிகள் படுப்பது பெரும்பாலும் இங்கேதான். மாணவனாக இருந்தபோது நான் எழுதிய நிரலில் "தோற்றால் மறுபடி முயற்சி செய்" என்று மட்டும் இருந்தது. டிப் கெட்டுப்போனதை அறியாமல் அது இரவெல்லாம் ஒரே இடத்தை உரசி, நான் கட்டியிருந்த பாதி வளையத்தையும் கலைத்துவிட்டது. ஆகவே, தொடர்ந்து மூன்று தோல்வி வந்தால் நிரல் நிற்க வேண்டும். கட்டுமானத்தைவிட்டு விலகி, வெறும் செம்பு இருக்கும் இடத்தில் டிப்பை மெதுவாக ஒருமுறை குத்தி எடுக்க வேண்டும். பிறகு தனித்திருக்கும் ஓர் அணுவைப் படமெடுத்து அது வட்டமாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நீண்டோ இரட்டையாகவோ தெரிந்தால் மறுபடி குத்தல். ஏ.ஐ.க்கு நியாயமான முதல் வேலையும் இதுவே. கனடாவின் ஆல்பர்ட்டாவில் ரஷிதியும் வோல்கோவும் 2018-இல் நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கியது, ஒன்றை இரண்டாகக் காட்டும் இரட்டை டிப்பைக் கண்டுபிடிக்கத்தான். நகர்த்தும் அளவுகளையே கணினி கற்றுக்கொள்ளும் முறையை 2022-இல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தார் வெள்ளி அணுக்களில் காட்டினார்கள். சில நூறு நகர்த்தல்களின் பதிவு சேர்ந்தபின் அதற்குப் போகலாம்.

எந்த அணு எந்த இடத்துக்கு என்பதை, மொத்தத் தூரம் குறையும்படி ஜோடி சேர்க்கும் ஹங்கேரியன் அல்காரிதம் முடிவு செய்துவிடும். இதே கணக்கைத் தீர்க்கும் நிரல் பைத்தானின் சைபை நூலகத்திலேயே இருக்கிறது. வரிசையில் மட்டும் கவனம் தேவை. பந்தியில் உள்கோடி இலைக்கு முதலில் ஆள் உட்காருவது போல, தூரத்து இடங்களை முதலில் நிரப்புங்கள். இரண்டு கோபால்ட் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு. பாதையில் மற்ற அணுக்களிலிருந்து ஒரு நானோமீட்டராவது தள்ளியே வாருங்கள்.

மின்னோட்டத்துக்கு உச்சவரம்பு, டிப் இறங்கும் ஆழத்துக்கு வரம்பு, யு.பி.எஸ்.ஸுக்கு மாறினால் டிப்பைப் பின்னிழுக்கும் கட்டளை, இவை மூன்றும் இல்லாமல் ஓடவிட்டுவிட்டு விடுதிக்குப் போகாதீர்கள். ஆய்வகம் சாலையோரம் என்றால் லாரியும் பஸ்ஸும் ஓயும் நள்ளிரவு முதல் ஐந்து மணி வரை ஓட்டுங்கள்.

முதலில் 24 அணு வேண்டாம். ஆறு அணுவில் ஓர் அறுகோணம் கட்டுங்கள். 111 பரப்புக்கு அது இயல்பாகப் பொருந்தும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பயாஸ் (டிப்புக்கும் பரப்புக்கும் இடையே வைக்கும் மின்னழுத்தம்), மின்னோட்டம், தூரம், திசை, முடிவு ஐந்தையும் பதியுங்கள். ஒரே திசையில் மட்டும் தோல்வி கூடுதலாக இருந்தால் டிப்பின் வடிவத்தில் கோளாறு. எல்லாத் திசையிலும் என்றால் இழுக்கும் மின்னோட்டம் போதவில்லையா என்று பாருங்கள். அந்தப் பதிவோடு மறுபடி எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.