கல்லீரல் புற்றுக்கு ஆபரேஷன் ஆன பிறகு, ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் புரதத்தின் அளவை வைத்து நோய் திரும்புமா என்று சொல்ல முடியுமா?

நான் டாக்டர் இல்லைங்க. கோபி பக்கம் மஞ்சள் போடுற குடும்பம். கோயமுத்தூரில் எங்கப்பாவுக்குக் கல்லீரல் கட்டியை எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஃபைலைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சதில் தெரிஞ்சதைச் சொல்றேன்.

ஒத்தை நம்பரை வெச்சுச் சொல்ல முடியாது. எப்படி இறங்குது, இறங்கினது அங்கேயே நிக்குதான்னு பார்க்கணும். ஆபரேஷனுக்கு முன்னாடி அப்பாவுக்கு 640. ரத்தத்தில் ஏ.எஃப்.பி. பாதியாக 5 முதல் 7 நாள் ஆகும். 640, 320, 160ன்னு ஆறு தடவை பாதியானாத்தான் 10. இது தெரியாம, ஒரு வாரத்தில் 300 சொச்சம்னு வந்ததைப் பார்த்து அம்மா அழுத அழுகை இருக்கே! ஒன்றரை மாசத்தில் 7க்கு வந்திருச்சு. இறங்காம நடுவுல நின்னாலோ, இறங்கி மறுபடி ஏறினாலோதான் விசாரிக்கணும்.

அந்த 7லயும் ஒரு கூத்து. ஒருக்கா அவசரத்துக்கு வேற லேபில் குடுத்தோம், 5.8. அடுத்த முறை பழைய லேபில் 7.0. ஏறிருச்சேன்னு ரெண்டு ராத்திரி தூக்கமில்லை. பார்த்தா அது ஐ.யூ.ங்கிற சர்வதேச அலகுக் கணக்கு, இது நானோகிராம். 1 ஐ.யூ.ன்னா சுமார் 1.21 நானோகிராம். பெருக்கிப் பாருங்க, ரெண்டும் ஒண்ணுதான். லேபை மாத்தாதீங்க.

இந்த நோய் வந்தவங்கள்ல கிட்டத்தட்ட மூணில் ஒருத்தருக்கு ஏ.எஃப்.பி. ஏறவே ஏறாது. அவங்களுக்குப் பிவ்கா-2ன்னு இன்னொரு புரதம் பார்ப்பாங்க. வைட்டமின் கே குறைஞ்சாலும், ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டாலும் அது ஏறும். டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

ஈரோட்டு மண்டியில் விரலி மஞ்சளை ஒடிச்சு உள்நிறம் பார்க்காம விலை வைக்க மாட்டாங்க. இங்கே ஒடிச்சுப் பார்க்கிறது பயாப்சி. வெட்டியெடுத்த கட்டியில், கண்ணுக்குத் தெரியாத ரத்தக்குழாய்க்குள்ள புற்றுசெல் நுழைஞ்சிருக்கான்னு அந்த பயாப்சி ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும். 'மைக்ரோவாஸ்குலர் இன்வேஷன்'ங்கிற வரியைத் தேடுங்க. சி.கே.19ங்கிற புரதச் சாயம் ஏறியிருந்தாலும் திரும்புற வாய்ப்பு கூடுதல்னு சொல்வாங்க. ரத்த நம்பரைவிட எனக்கு இந்தத் தாள்தான் பெருசாத் தெரியுது. பொதுவாவே 5 வருஷத்தில் 10 பேர்ல 7 பேர் வரைக்கும் திரும்புற நோய் இது.

அப்பாவுக்கு அந்த வரி 'இருக்கு'ன்னு வந்துச்சு. அதனாலதான் 7லயே நின்னாலும் 3 மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன். அடுத்தது மஞ்சள் வெட்டுற நேரத்தில் வருது. "வெட்டு முடியட்டும் கண்ணு"ங்கிறார். நான் விடலை.