பக்கெட்டில் ஊறும் பெட்ஷீட்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 41. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மகனுக்கு 10 வயது, ஐந்தாம் வகுப்பு. எங்கள் பிளாட்ஸைச் சேர்ந்த நான்கு அப்பாக்கள் ஞாயிறு காலையில் அண்ணா நகர் டவர் பார்க்கில் வாக்கிங் போவோம். கிரிக்கெட், மெட்ரோ வேலை, மெயின்டனன்ஸ் பாக்கி என்று பேச்சு ஓடும். ஆறு மாதம் முன்பு ஒருவர், "பிள்ளை வளர்க்கிற கஷ்டத்தைப் பத்தி மட்டும் நாம யாரும் வாயே திறக்கிறதில்ல. இனிமே உண்மையைப் பேசுவோமே" என்றார். எனக்கும் பிடித்திருந்தது.

அவரே முதலில், கோபத்தில் மகளை அறைந்துவிட்டு பாத்ரூமில் போய் அழுததைச் சொன்னார். இன்னொருவர், வேலை போய் இரண்டு மாதமாகியும் வீட்டில் சொல்லாமல் தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்புவதைச் சொன்னார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. என் மனைவியிடம்கூட.

என் முறை வந்தபோது, மகன் இன்னும் வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி படுக்கையை நனைக்கிறான் என்றேன். நான்காமவர் அதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். நாலே நாளில் பிளாட்ஸ் முழுக்கப் பரவிவிட்டது. லிஃப்டில் ஒரு அம்மா என் மகனிடமே, "இன்னும் டயப்பர் போடுறியாமே?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்.

நம்பிச் சொன்னவனுக்கு இதுதான் மரியாதையா? அவர்கள் சொன்னதையெல்லாம் நான் காப்பாற்றினேன். என் விஷயத்தை அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. கேட்டால் அந்த நண்பர், "பொண்டாட்டிகிட்ட பேச்சுவாக்கில சொன்னேன்" என்கிறார். என் மனைவியோ, "பார்க்குல உக்காந்து ஊர்க்கதை பேசினீங்கல்ல" என்று என்னைத்தான் குத்துகிறாள். நானும் எட்டு வயது வரை நனைத்தவன்தான். என் அப்பா கோரைப் பாயைத் தூக்கி வாசலில் காயப் போடுவார், தெருவே பார்க்கும். நான் மகனை அப்படியெல்லாம் அவமானப்படுத்தியதே இல்லை. அவனும் இதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முன்பு நனைத்துவிட்டால் ராத்திரியில் என்னை எழுப்புவான். இப்போது அவனே பெட்ஷீட்டை உருவிப் பக்கெட்டில் ஊறப் போட்டுவிடுகிறான். அந்த வகையில் எனக்குத் தூக்கம் மிச்சம்.

என் கேள்வி: அந்த நண்பரை அசோசியேஷன் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிடலாமா, இல்லை நால்வர் நட்பையே முறித்துக்கொள்வதா? நம்பிச் சொன்னவன் நான்தானே முட்டாள்?

பெயர் வேண்டாம், சென்னை.

* * *

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் நண்பர் செய்தது தவறு. அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் உங்கள் கடிதம் முழுக்க அவர்தான் நிற்கிறார். மகனுக்குக் கிடைத்தது கடைசியில் ரெண்டு வரி. நான் அந்த இரண்டு வரியைத் தாண்டவில்லை.

தூக்கம் மிச்சம் என்கிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பத்து வயதுப் பிள்ளை, லைட்டைப் போடாமல், சத்தம் வராமல் குழாயைத் திறந்து, தண்ணீர் குடித்துக் கனத்துப்போன பெட்ஷீட்டை இரண்டு கையாலும் பக்கெட்டுக்குள் அமுக்குகிறான். நேற்று வரை அப்பாவை எழுப்பியவன் அவன். அப்பாவிடம் சொன்னால் அது லிஃப்ட் வரை போகும் என்று இப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டது. லிஃப்டில் கேட்டது ஏதோ ஒரு அம்மாதான். ஆனால் அவன் கணக்கில் சொன்னவர் நீங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் மகளை அடித்ததைச் சொன்னார், இன்னொருவர் வேலை போனதை மறைப்பதைச் சொன்னார். இருவரும் தங்கள் சறுக்கலைத்தான் சொன்னார்கள். நீங்கள் சொன்னதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? அது உங்கள் ரகசியம் அல்ல, அவனுடையது. அவனைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டு, 'நம்பிச் சொன்னேன்' என்கிறீர்கள். அவனும் உங்களை நம்பித்தானே எழுப்பினான்?

உங்களுடையது என்று ஒன்று இருந்தது. அந்தக் கோரைப் பாய். அதை நீங்கள் பார்க்கில் சொன்னதாகத் தெரியவில்லை. உங்கள் அப்பா பாயை வாசலில் போட்டார், நீங்கள் பார்க் பெஞ்சில் போட்டீர்கள். வேண்டுமென்று செய்யவில்லை, தெரியும். உங்கள் அப்பாவும் பாய் காயட்டும் என்று மட்டும்தான் நினைத்திருப்பார். முப்பது வருஷம் கழித்தும் உங்களுக்கு ஞாபகம் இருப்பது வெயில் இல்லையே, தெரு பார்த்ததுதானே?

உடம்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது சோம்பேறித்தனமோ திமிரோ இல்லை. 10 வயதில் சுமார் 20 பிள்ளைகளில் ஒருவருக்கு இது இருக்கிறது, ஆண் பிள்ளைகளிடம் கூடுதலாக. அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு 40 சதவீதத்துக்கும் மேல். சிறுநீர்ப்பை நிறைந்தும் விழிப்பு வராத தூக்கம், இரவில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் போதாமை, சில நேரம் மலச்சிக்கல்கூடக் காரணமாகும். இதற்கு வைத்தியம் உண்டு. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையோ, வீட்டுக்குப் பக்கத்திலுள்ள குழந்தைகள் மருத்துவரோ, யாரிடமாவது காட்டுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்து திரும்ப ஆரம்பித்திருந்தாலோ, தாகம் அதிகமாக இருந்தாலோ, பகலிலும் நனைந்தாலோ, சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்தாலோ தள்ளிப் போடவே கூடாது.

மீட்டிங்கில் கேட்கலாமா என்றால், வேண்டவே வேண்டாம். தெரியாமல் இருக்கும் இரண்டு வீட்டுக்கும் அன்றைக்குத் தெரிந்துவிடும். நண்பரைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் காயப்பட்டதை ஒரு தடவை சொல்லுங்கள், போதும். நட்பை முறிக்க வேண்டாம். ஆண்கள் நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளையை அடித்துவிட்டு அழுதேன் என்று சொல்ல ஒரு இடம் இருக்கிறதே, அது லேசில் அமையாது. அப்புறம் அந்த டிபன் பாக்ஸ் நண்பர், வீட்டில் சொல்லிவிட்டாரா? அவர் கதி என்ன என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த ஞாயிறு போய் முதலில் அதைக் கேளுங்கள். அன்றைக்கு முடிந்தால் பாய்க் கதையையும் சொல்லுங்கள்.

ஆனால் அதை முதலில் கேட்க வேண்டியவன் உங்கள் மகன். "உன்னைக் கேக்காம சொன்னது என் தப்புடா" என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். 'ஆனா அந்த அங்கிள்தான்' என்று தொடங்காதீர்கள். அவன் பதில் பேசாமல் எழுந்து போகலாம், போகட்டும். உடனே மன்னித்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். திரும்ப எழுப்புவதற்கு அவனுக்கு நாளாகும்.

அதுவரை குழாய்ச் சத்தம் கேட்டால் நீங்களே எழுந்து போங்கள். லைட் வேண்டாம், பேச்சும் வேண்டாம். பெட்ஷீட்டைத் தனியாளாகப் பிழிய முடியாது. இன்னொரு முனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.