அக்னிவீர் (ராணுவத்தில் நான்கு ஆண்டுப் பணி) பயிற்சிக்குப் போனால் சம்பளம் உண்டா? கைக்காசு எவ்வளவு போகும்? பாதியில் திரும்பி வர முடியுமா?

கேட்டிருப்பவர் தேவகோட்டைப் பக்கத்துத் தம்பி, பன்னிரண்டாவது முடித்தவர். "ட்ரெய்னிங்குக்கு எவ்வளவு ஃபீஸ்" என்று வீட்டில் கேட்கிறார்களாம். எனக்குக் கல்லல். என் சித்தப்பா மகன் குன்னூர் பக்கம் வெலிங்டனில் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் பயிற்சி முடித்து இப்போது வடக்கே பணியில் இருக்கிறான். விண்ணப்பம் போட்டதில் தொடங்கி காரைக்குடி ஸ்டேஷனில் வண்டி ஏற்றிவிட்டது வரை கூட இருந்தேன், அந்த அளவில் சொல்கிறேன்.

பயிற்சிக்கு ஒரு பைசா கட்ட வேண்டாம் தம்பி. அவர்கள்தான் உங்களுக்குச் சம்பளம் தருவார்கள். நான்கு ஆண்டுப் பணியில் பயிற்சிக் காலமும் அடக்கம், அதனால் சேர்ந்ததிலிருந்தே சம்பளக் கணக்கு ஓடும். முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், அடுத்து 33,000, பிறகு 36,500, நாலாவது ஆண்டு 40,000. இது முழுசாகக் கைக்கு வராது. 30 சதவீதத்தைச் சேவா நிதி என்று பிடித்துக்கொள்வார்கள். முதல் ஆண்டு கையில் கிடைப்பது 21,000, பிறகு 23,100, 25,550, கடைசி ஆண்டு 28,000. பிடித்தது நாலு ஆண்டில் 5.02 லட்சம் ஆகும். அதே அளவை அரசும் போடும். வட்டியோடு சேர்த்து வெளியே வரும்போது ஏறக்குறைய 11.71 லட்சம், அதற்கு வருமான வரி கிடையாது.

சாப்பாடு, தங்குமிடம், உடுப்பு, வைத்தியம் எல்லாம் ராணுவத்தின் பொறுப்பு. பஞ்சப்படி கிடையாது, ஆனால் பணியிடத்தைப் பொறுத்து சில படிகள் சேரும். பயிற்சியில் இருக்கும்போது சோப்பு, ஷூ பாலிஷ், போன் ரீசார்ஜ் தவிர சித்தப்பா மகனுக்குப் பெரிய செலவு இருக்கவில்லை. வீட்டுக்கு மாதாமாதம் அனுப்பவும் முடிந்தது.

அப்படியானால் காசு எங்கே போகிறது? சேர்வதற்கு முன்னால்தான். ஆன்லைன் எழுத்துத் தேர்வுக்குக் கட்டணம் 250 ரூபாய். அதைத் தமிழிலும் எழுதலாம். மற்றதெல்லாம் நம் கையில் இருக்கிறது. இ-சேவை மையத்தில் சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, அப்புறம் நன்னடத்தைச் சான்று, திருமணமாகாதவர் என்ற சான்று, பத்திரத்தில் பிரமாணம், கட்டுக்கட்டாக போட்டோ. ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான். ஆனால் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் அலைச்சலில் பஸ் காசே பெரிதாகிவிடும். பத்தாவது மார்க் ஷீட்டில் அப்பா பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரிலும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். சித்தப்பா பெயரில் இனிஷியல் முன்னும் பின்னுமாக இருந்ததைச் சரிசெய்யத்தான் எங்களுக்கு நிறைய நாள் பிடித்தது.

ஷூவில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு 60 மதிப்பெண், பத்து புல்-அப்ஸ் எடுத்தால் 40. எங்கள் பையன் கண்மாய்க் கரையில் விடியுமுன் ஓடிப் பழகினான், வேப்பங்கிளையில் தொங்கி புல்-அப்ஸ் எடுத்தான். காரைக்குடியில் கட்டணம் வாங்கிப் பயிற்சி தருகிற அகாடமிகள் இருக்கின்றன. எழுத்துத் தேர்வுக்குக் கணக்கு வராதவர்களுக்கு உதவும், ஆனால் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். அந்தக் காசில் ஒரு பகுதியைப் பல் டாக்டருக்கும் காது டாக்டருக்கும் கொடுங்கள். காதில் அழுக்கு அடைத்திருப்பது, பல் சொத்தை போன்ற சின்ன விஷயங்களில் மருத்துவச் சோதனையில் நின்றுபோகிறவர்கள் உண்டு. பச்சை குத்தும் ஆசை இருந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். முன்கையின் உள்பக்கமும் புறங்கையும் தவிர மற்ற இடங்களில் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.

இன்னொன்று, இதில் எனக்குக் கோபமே உண்டு. "உள்ளே ஆள் இருக்கிறது, முடித்துத் தருகிறேன்" என்று லட்சம் லட்சமாகக் கேட்கிறவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நகையை அடகு வைத்துக் கொடுத்து ஏமாந்தது. ஓட்டத்துக்குக் கடிகாரம் ஓடுகிறது, தேர்வு கம்ப்யூட்டரில் நடக்கிறது. இதில் காசு வாங்கி யாரும் எதையும் செய்து தர முடியாது.

இனி கடைசிக் கேள்வி. சம்பளத்தைவிட இதைத்தான் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். பிடிக்கவில்லை என்று பாதியில் வர முடியுமா? சொந்த விருப்பத்தில் விடுவிக்க மாட்டார்கள் என்பதுதான் விதி. மிக அசாதாரணமான காரணம் இருந்து, உரிய அதிகாரி அனுமதித்தால் மட்டும் வரலாம். அப்போதும் நீங்கள் சேர்த்த பணம் வட்டியோடு வரும், அரசின் பங்கு வராது. ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. கல்யாணமாகாதவர்களைத்தான் எடுப்பார்கள், பணி முடியும்வரை பெண் பார்க்கிற பேச்சே வேண்டாம். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடை வேலைக்குப் போனவர்கள் மூன்று ஆண்டுத் தவணை பேசிக்கொண்டு கப்பல் ஏறிய ஊர்தான் இது. தவணை முடிந்து வந்தால் அடுத்த தவணைக்கு மறுபடி போகலாம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. இதில் அது கிடையாது. நாலு ஆண்டு முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். அவர்களுக்கு மேலும் குறைந்தது 15 ஆண்டு வேலை. மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியும் இல்லை. பணிக்காலத்தில் 48 லட்சம் ஆயுள் காப்பீடு உண்டு, பிரீமியம் நீங்கள் கட்ட வேண்டாம்.

சித்தப்பா மகன் கிளம்புமுன் எங்கள் அப்பத்தா கேட்டது: "ஏன்டா அப்பு, நாலு வருசம் கழிச்சு லட்சக்கணக்குல வருதாமே, அதுல மாடி போட்டுறலாமா?" அவன் அப்போதே சொல்லிவிட்டான்: "இல்ல அப்பத்தா, திரும்பி வந்தா அதுதான் எனக்குக் கைமுதல். யாரும் அதைக் கணக்குல வைக்காதீங்க." வீட்டில் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அவன் சொன்னதுதான் சரி என்று உறுதியாக நினைக்கிறேன். இருபத்திரண்டு வயதில் வேலை தேடி நிற்கிற பையனுக்கு அந்த 11 லட்சம்தான் கைப்பிடி. அதை அக்கா கல்யாணத்துக்கும் பழைய கடனுக்கும் முன்கூட்டியே எழுதிவைத்தால் அவனிடம் மிஞ்ச எதுவும் இருக்காது. மாதச் சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள், சேவா நிதியைத் தொடாதீர்கள்.

நாலு ஆண்டில் படிப்பையும் நகர்த்தலாம். அக்னிவீர்களுக்கென்றே இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பட்டப்படிப்பு வைத்திருக்கிறது, ராணுவப் பயிற்சிக்கே அதில் பாதி கிரெடிட் தருகிறார்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீர்களுக்கு 10 சதவீத இடம் என்று 2022-லேயே அறிவித்தார்கள். நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இலுப்பக்குடியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் பயிற்சி மையம் இருக்கிறது. அந்தப் படையும் இந்த ஒதுக்கீட்டுக்குள் வருவதுதான்.

விண்ணப்பத்தை ராணுவத்தின் சொந்த இணையதளமான ஜாயின் இந்தியன் ஆர்மியில் நீங்களே போடுங்கள். வயது வரம்பும் ஓட்ட நேரமும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும், போடுமுன் அந்த ஆண்டு அறிவிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள். சான்றிதழில் எங்காவது சிக்கினால் கீழே கேளுங்கள், எங்களுக்கு எந்த அலுவலகத்தில் எது கிடைத்தது என்று சொல்கிறேன்.