நாங்குநேரிப் பக்கத்துக் குளங்களின் பழைய சாட்டிலைட் படம் கிடைக்குமா? நாம் சேர்த்ததை எப்படிப் பகிர்வது?

கிடைக்கும், காசும் வேண்டாம். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசை 1972 முதல் பூமியைப் படமெடுக்கிறது. 2008-இல் அமெரிக்கா அந்தப் படக் கிடங்கு முழுவதையும் இலவசமாகத் திறந்துவிட்டது. நம் செயற்கைக்கோள்களின் படங்களுக்கு இஸ்ரோவின் பூநிதி தளம் இருக்கிறது.

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். எண்பதுகளுக்குப் பிந்தைய லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி (பிக்சல்) தரையில் 30 மீட்டர் சதுரம், நம்மூர்க் கணக்கில் சுமார் 22 சென்ட். விஜயநாராயணம் பெரியகுளம் தெளிவாகத் தெரியும். மடையும் வரப்பும் தெரியாது. 2015-இல் வந்த ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல்-2 படத்தில் புள்ளி 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். அப்புறம், மழைக்கால நெல் பருவமான பிசானத்தில் மேகம் மறைக்கும். 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி நாட்களுக்கு, மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படத்தைத்தான் தேட வேண்டும்.

பகிரும்போது பலர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். பார்க்க அழகு, ஆராய்ச்சிக்கு உதவாது. புள்ளிக்குள் இருக்கும் எண்கள் போய்விடும், அட்சரேகை தீர்க்கரேகையும் போய்விடும். அந்த எண்களையும் இடக் குறிப்பையும் சேர்த்தே வைத்திருக்கும் ஜியோடிஃப் (GeoTIFF) கோப்பாகவே வையுங்கள். கூடவே வரும் விவரக் கோப்பை (மெட்டாடேட்டா) அழிக்காதீர்கள். படத்தின் அடையாள எண், எடுத்த தேதி, நீங்கள் செய்த திருத்தம் மூன்றையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதுங்கள். லேண்ட்சாட் கிடங்கையே 2016-லும் 2020-லும் புதிதாகத் திருத்தி வெளியிட்டார்கள். எந்தப் பதிப்பு என்று குறிக்காவிட்டால் இரண்டு வெவ்வேறு வருடப் படங்களை ஒப்பிடும்போது குளம் சுருங்கியதா, கணக்கு மாறியதா என்று தெரியாமல் முழிக்க வேண்டியதுதான்.