22 டிகிரியில் நடுங்குவது குற்றமா? குளிரும் பனியும் பற்றிய கேள்வி பதில்

மலேசிய வானிலைத் துறையில் 31 ஆண்டுகள் அவதானிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதில் இரண்டாண்டுகள் கேமரன் மலையில், தானா ராத்தா நிலையத்தில் கழிந்தன. குளிரைப் பற்றியும், அதற்குப் பழகாத ஊர்களில் அது திடீரென்று வந்தால் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே விடை தருகிறேன். நாளை தங்கள் வீட்டுத் திருமணத்துக்கு மழை வருமா என்று கேட்ட நால்வரும் மன்னிக்கவும்.

செந்தூலிலிருந்து ஒருவர்: ஐயா, சென்ற மழைக்காலத்தில் மூன்று நாள் வெயில் தலைகாட்டவில்லை, வெப்பநிலை 22 டிகிரி. என் தாயார் கம்பளிச் சட்டை அணிந்து, காதைத் துண்டால் மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். லண்டனில் இருக்கும் தம்பி, அங்கே 22 டிகிரி என்றால் கடற்கரைக்குப் போவோம் என்று கேலி செய்கிறான். அம்மாவுக்கு உண்மையிலேயே குளிர்ந்ததா?

உண்மையிலேயே குளிர்ந்தது. மெல்லிய பருத்தி ஆடையோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர், காற்று 25 டிகிரிக்கு அருகே இறங்கியதுமே உடற்சூட்டைக் காத்துக்கொள்ள உழைக்கத் தொடங்குகிறார். முதியவர்களுக்கு அந்த உழைப்பு கடினம். தோலின் இரத்தக் குழாய்கள் இளமையில் சுருங்கியதுபோல் விரைவாகச் சுருங்குவதில்லை, நடுக்கமும் தாமதமாகவே வருகிறது. கோலாலம்பூரில் பகலில் 33 வரை ஏறி, விடியற்காலையில் 24க்கு அருகே இறங்கும் காற்றுக்குப் பழகிய உடலுக்கு, பகல் முழுவதும் 22 என்பது புதிய செய்தி.

அடுத்தது வீடு. கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய சன்னல், அதற்கு மேலே சுவரில் காற்றுப் போக விட்ட துளைகள், வெறும் சிமெண்டுத் தரை: நம் பழைய வீடுகள் சூட்டை வெளியே அனுப்புவதற்கென்றே கட்டப்பட்டவை. மூன்று நாள் மழையில் அந்த வீட்டுக்குள்ளும் 22 டிகிரிதான். தம்பி இருக்கும் வீட்டில் வெளியே சுழியத்துக்குக் கீழே போனாலும் உள்ளே 20 டிகிரி இருக்கும். அவர் கடற்கரைக்குப் போவது வெயிலில். அம்மா உட்கார்ந்திருப்பது ஈரக் காற்றில். தாயாரின் காலுக்கடியில் ஒரு கனத்த பாயை விரித்து, காலுறை கொடுங்கள். காதுத் துண்டை அவிழ்க்கச் சொல்லாதீர்கள்.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், குளிர்காலத்தில் சைபீரியா, மங்கோலியா மீது தேங்கும் கனத்த உயரழுத்தக் காற்று அவ்வப்போது கரை உடைத்ததுபோல் தெற்கே பாய்கிறது. தென்சீனக் கடலைக் கடக்கும்போது அது வெதுவெதுப்பாகி, நீராவியைக் குடித்து, கிளந்தான், திரெங்கானு கரையில் மழையாகக் கொட்டுகிறது. மேகமும் மிச்சக் குளிரும் நமக்கு. 1934 ஜனவரி இறுதியில் சிங்கப்பூரில் 19.4 டிகிரி பதிவானது. கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1ஆம் நாள் 7.8 டிகிரிக்கு இறங்கியது. அலுவலகத்தில் ஏர்கோனை 18இல் வைத்துவிட்டு, மழைக்காலத்தில் 22 டிகிரியைக் கண்டு வியப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கெப்போங்கிலிருந்து ஒருவர்: ஜூலை மாதத்தில் பூமி சூரியனை விட்டு மிகத் தொலைவுக்குப் போவதால் ஆகஸ்ட் வரை கடுங்குளிர் வரும், காய்ச்சலும் மூச்சுத்திணறலும் பெருகும் என்று ஒரு செய்தி கைப்பேசியில் வந்தது. வழக்கமாக 90 மில்லியன் கிலோமீட்டரில் இருக்கும் சூரியன் 152 மில்லியனுக்குப் போகிறதாம். உண்மையா?

அந்தச் செய்தியின் எண்களில் 152 மட்டும் உண்மை. 90 என்பது யாரோ கையிலிருந்து போட்டது. சூரியன் மிக அருகில் வரும் ஜனவரித் தொடக்கத்திலேயே தொலைவு 147 மில்லியன் கிலோமீட்டர். மிகத் தள்ளிப் போகும் ஜூலைத் தொடக்கத்தில் 152. வேறுபாடு மூன்று விழுக்காட்டுச் சொச்சம். இது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. தாத்தா பால் மரம் வெட்டிய காலத்திலும் நடந்தது. சூரியன் அருகில் இருக்கும் ஜனவரியில் சைபீரியா உறைகிறது, தள்ளி இருக்கும் ஜூலையில் ஐரோப்பா வேகிறது என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள். பருவங்களை ஆள்வது பூமியின் சாய்வு.

ஜெலுத்தோங்கிலிருந்து ஒருவர்: பினாங்குக் கொடிமலையில் என்றாவது பனி பெய்யுமா?

பெய்யாது. கொடிமலை 800 மீட்டர்ச் சொச்சம். நம் வானத்தில் காற்று சுழிய டிகிரிக்கு இறங்கும் உயரமான உறைநிலை ஏறத்தாழ 5,000 மீட்டரில் இருக்கிறது.

கிள்ளானிலிருந்து ஒருவர்: அப்படியானால் 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலை 2022 பிப்ரவரியில் எப்படி வெள்ளையானது?

நல்ல கேள்வி. உறைநிலை 5,000 மீட்டரில் இருக்கிறது என்பது சுற்றியுள்ள வெட்டவெளிக் காற்றுக்கான கணக்கு. கினபாலுவின் உச்சி மரம் செடியற்ற கருங்கல் பாறை. மேகமற்ற இரவில் பாறை தன் சூட்டை நேரே வானத்துக்கு விட்டுவிட்டு, மேலிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. அதன்மேல் ஈரம் படிந்தால் உறைபனியாகிறது. மழைநீர் தேங்கிய குழிகள் கட்டியாகின்றன. பனி யுகத்தில் அந்த உச்சியைப் பனிப்பாளமே மூடியிருந்தது. பாறைகள் தேய்த்துவிட்டதுபோல் வழவழப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தானா ராத்தாவில் இதே வேலையைச் சிறிய அளவில் கண்டிருக்கிறேன். வெயில் படாத கூண்டுக்குள் இருக்கும் வெப்பமானி 12 டிகிரி காட்டும். புல் நுனியை ஒட்டிப் படுக்க வைத்திருக்கும் இன்னொன்று அதைவிட மூன்று நான்கு டிகிரி குறைவாகக் காட்டும். அந்தச் சாராய வெப்பமானிக்குள், இரவின் மிகக் குறைந்த அளவைக் குறிக்க ஒரு சிறு கருப்புக் குச்சி மிதக்கும். விடியற்காலையில் டார்ச் விளக்கைப் பிடித்துக் குனிந்து அதைப் படிக்கும்போது நம் மூச்சே கண்ணாடியில் படிந்து மறைத்துவிடும். மூச்சை அடக்கிக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர்: ஐயா, 2021இல் என் மகன் அமெரிக்காவின் டெக்சஸில் படித்துக்கொண்டிருந்தான். குளிரில் மின்சாரம் போய், நான்கு நாள் அவன் பட்ட பாடு சொல்லி முடியாது. அவ்வளவு வளமான நாட்டில் அத்தனை பேர் ஏன் இறந்தார்கள்?

அந்தப் பிப்ரவரியில் 45 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருளில் மூழ்கின. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். கனடாவில் அதைவிடக் கடுங்குளிரில் குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள். டெக்சஸின் எரிவாயுக் கிணறுகளும் மின் நிலையங்களும் கோடை வெப்பத்தைத் தாங்க அமைக்கப்பட்டவை; அவை உறைந்து நின்றன. அம்மாநில மின்வலை அண்டை மாநிலங்களோடு பெரும்பாலும் இணைக்கப்படாதது. ஆகையால் கடன் வாங்கவும் வழியில்லை. கூரைக்கடியிலும் வெளிச்சுவரிலும் ஓடிய நீர்க்குழாய்கள் வெடித்தன. செந்தூல் அம்மாவின் வீட்டுக்குச் சொன்னது அப்படியே ஒரு மாநிலத்துக்குப் பொருந்துகிறது.

குளிரால் இறந்தவர்களோடு புகையால் இறந்தவர்களும் உண்டு. மூடிய கொட்டகையில் காரை ஓடவிட்டு அதன் சூட்டில் அமர்ந்தார்கள். கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை. தூக்கம் வருவதுபோல் வந்து ஆளை முடித்துவிடும். கேமரன் மலையில் கூடாரம் போடுகிறவர்களே, கோழி வாட்டிய அடுப்பைக் குளிருக்காகக் கூடாரத்துக்குள் இழுத்துக்கொள்ளாதீர்கள். நான் அங்கே இருந்தபோது விடுதியில் தங்கிய ஒரு குடும்பத்தை அவ்வாறு அரைமயக்கத்தில் வெளியே தூக்கிவந்தோம். பிழைத்தார்கள், கதவு சரியாகப் பொருந்தாத அறை என்பதால் பிழைத்தார்கள்.

ரவாங்கிலிருந்து ஒருவர்: ஜூலையில் சூரியன் தள்ளிப் போவதாக ஒரு செய்தி…

கெப்போங் அன்பருக்குச் சொன்ன விடையைப் படியுங்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒருவர்: வெப்பத்தால்தானே அதிகம் பேர் இறக்கிறார்கள்? குளிரை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்த வேண்டும்?

13 நாடுகளில் 384 இடங்களின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், மொத்த இறப்புகளில் குளிரோடு தொடர்புடையவை ஏழு விழுக்காட்டுக்கு மேல். வெப்பத்தோடு தொடர்புடையவை அரை விழுக்காட்டுக்கும் குறைவு. குளிரோடு தொடர்புடைய இறப்புகளில் பெரும்பங்கு கடுங்குளிரால் வந்ததன்று, மிதமான குளிரால் வந்தது. இருந்தாலும் கோலாலம்பூர் நண்பகலில் தண்ணீர் குடிக்காமல் நடக்க இதை அனுமதியாகக் கொள்ள வேண்டாம்.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஒருவர்: நாங்கள் நண்பர்கள் ஜனவரியில் ஹாங்காங் போகிறோம். உறைபனி வந்தால் மலையேறிப் பார்க்க ஆசை.

2016 ஜனவரி 24ஆம் நாள் ஹாங்காங்கில் 3.1 டிகிரி, 1957க்குப் பிறகு அவ்வளவு குளிர்ந்ததில்லை. 957 மீட்டர் உயரமுள்ள தாய் மோ ஷான் மலையில் புல்லெல்லாம் கண்ணாடிக் குச்சியானது என்று கேட்டு, மக்கள் ஓட்டக் காலணியோடும் அரைக் காற்சட்டையோடும் கூட்டமாக ஏறினார்கள். சாலை முழுவதும் பனிக்கட்டி. இறங்க முடியாமல் சிக்கியவர்களை மீட்கப் போன தீயணைப்பு வீரர்களே வழுக்கி விழுந்தார்கள். போங்கள், பாருங்கள், காய்ந்த மாற்றுடை ஒன்றைப் பையில் வையுங்கள். நனைந்த சட்டையோடு காற்றில் நிற்பவரின் உடற்சூடு, சுழியத்துக்கு மேலே இருக்கும் குளிரிலும் 35 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடும். அறையில் சூடேற்றி இல்லையென்றால் கரியடுப்பைத் தேடாதீர்கள்.

பிறையிலிருந்து தமிழாசிரியர் ஒருவர்: தாங்களும் நாளிதழ்களைப் போல் ‘பனி பெய்யுமா’ என்பதை ஏற்றுக்கொள்கிறீர்கள். பனி என்பது புல்லில் நிற்கும் துளி. வானத்திலிருந்து விழும் வெண்பஞ்சுக்குப் பனி என்று பெயர் சூட்டுவது பிழையன்றோ?

ஆசிரியரே, மறுக்கிறேன். பனித்துளி, மூடுபனி, உறைபனி, பனிக்கட்டி என்று நம் முன்னோர் குளிர்ந்த ஈரம் அனைத்துக்கும் ஒரே வேர்ச்சொல்லை வைத்தார்கள். புறநானூற்றின் ஆறாம் பாட்டு வடக்கெல்லையை ‘வடாஅது பனிபடு நெடுவரை’ என்கிறது. இமயத்தின்மேல் படிந்தது புல்நுனித் துளி என்றா சொல்வீர்கள்?

மீண்டும் பிறை ஆசிரியர்: இமயத்தைப் பாடியவர் நேரில் கண்டிருக்க வேண்டியதில்லை. ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று கண்டு சொன்னவர்கள் துளியைத்தான் சொன்னார்கள்.

அந்தப் பழமொழியில் தாங்கள் சொல்வதே சரி. தமிழ்நாட்டில் பருவமழை ஓய்ந்த பிறகு தையிலும் மாசியிலும் வானம் தெளிந்திருக்கும், கினபாலுப் பாறைக்குச் சொன்னதுபோல் தரை இரவில் சூட்டை இழக்கும், பனி இறங்கும். ஆனால் அதே பழமொழியைப் பினாங்கில் என் பாட்டியும் சொல்வார். இங்கே ஜனவரியும் பிப்ரவரியும் ஆண்டின் வறண்ட மாதங்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் வெறுங்காலோடு நடந்தவரைக் கேளுங்கள், தையில் எது தரையைத் துளைக்கிறது என்று சொல்வார். கப்பலேறி வந்த சொல், வந்த ஊரின் வானத்தைப் பார்க்கவில்லை.

டாமன்சாராவிலிருந்து ஒருவர்: எகிப்துப் பிரமிடுகளும் ஸ்பிங்ஸ் சிலையும் பனியால் மூடிய படம் வந்திருக்கிறது. நம் ஊருக்கும் இது வருமா?

2013 டிசம்பரில் கெய்ரோவின் புறப்பகுதிகளில் வெண்மை படிந்தது உண்மை. நீங்கள் பார்த்த ஸ்பிங்ஸ் படமோ, ஜப்பானில் உள்ள சிற்றுருவப் பூங்கா ஒன்றின் பொம்மைச் சிலை. பகிர்வதற்கு முன் பக்கத்தில் நிற்கும் மனிதரின் உயரத்தைப் பாருங்கள்.

செராஸிலிருந்து ஒருவர்: ஜூலையில் சூரியன்…

இல்லை.

பாயான் பாருவிலிருந்து ஒருவர்: எழுபது வயதுப் பெற்றோரை டிசம்பரில் ஜப்பானுக்கு அழைத்துச் செல்கிறேன். எந்த மருந்துகளைக் கொண்டுபோக வேண்டும்?

மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள், அம்மா. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் குளிர் தனிக் கணக்கு. கடைசியில் கேட்பீர்கள் என்பதால் முன்கூட்டியே: கரியடுப்பு வேண்டாம்.

மீண்டும் பிறை ஆசிரியர்: சரி, பனியைத் தங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன். மழையும் பனியும் கலந்து பாதி உருகிய நிலையில் விழுகிறதே, 2016 ஜனவரியில் ஒக்கினாவாவில் விழுந்தது போல, அதற்குத் தமிழில் என்ன பெயர்?

‘ஆலி’ என்றால் இடிமழையோடு விழும் ஆலங்கட்டி. அது கோலாலம்பூரிலும் விழுகிறது, சிறுவர்கள் பொறுக்கிக் குவளையில் போடுகிறார்கள். தாங்கள் கேட்பதற்கு மனம் ஒப்பும் சொல் என்னிடம் இல்லை. எங்கள் பதிவேட்டில் அதற்கெனக் குறியீடு ஒன்று இருந்தது. 31 ஆண்டுகளில் அதை எழுத எனக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை.