தூக்கத்தைக் குறைக்காமல் காலையில் கூடுதல் நேரம் பெறுவது எப்படி?

உடல் கடிகாரம் என்பது தூக்கத்தையும் விழிப்பையும் முறைப்படுத்தும் மூளையின் அமைப்பு. கண்ணில் படும் வெளிச்சமே அதற்கு நேரம் காட்டுகிறது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி கூட்டிவைக்கப்பட்டதால், கோலாலம்பூரில் பொழுது விடியவே ஏறக்குறைய ஏழு மணி ஆகிவிடுகிறது. ஐந்தரைக்கு எழுபவரின் உடல் இன்னும் இரவு என்றே எண்ணுகிறது. ஆகவே எழுந்ததும் விளக்குகளைப் போட்டுக்கொண்டு, படுக்கும் நேரத்தைச் சில நாள்களுக்கு ஒருமுறை கால் மணி முன்னே நகர்த்துங்கள். இரவிலும் திறந்திருக்கும் மாமாக் உணவகத்தில் நள்ளிரவில் குடிக்கும் தே தாரிக் எனும் பால் தேநீர் இதற்கு உதவாது. தோசை மாவு புளிக்க வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்வதைப் போலத்தான் தூக்கமும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். ஞாயிறன்று நண்பகல் வரை தூங்கி ஈடுகட்டலாம் என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் அது உடல் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி, திங்கட்கிழமை எழுவதைத்தான் கடினமாக்குகிறது.